சிவப்புக் காரின் பக்கக் கண்ணாடி

குவைத்திலிருந்து அம்மா வந்த அன்று, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பராவில் நிற்க இடமில்லை. பெட்டி திறப்பதைப் பார்க்கப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பால்மா, சோப்பு, பேரீச்சம்பழம், பூப்போட்ட கனத்த போர்வை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து, யார் யார் கைக்கோ போய்ச் சேர்ந்தன. கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து அம்மா என்னிடம் நீட்டினாள். மேலே பளபளவென்று ஒரு சிவப்புக் காரின் படம். நான் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றபடியே கையை மட்டும் நீட்டி அதை வாங்கிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் உள்ளே கார் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் கம்பிச் சட்டங்கள் நாலைந்து கிடந்தன. கொடியில் அவரைக்காய் தொங்குவதுபோல அவற்றில் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சக்கரம் தனி, இருக்கை தனி, கூரை தனி.

"அய்யய்யோ, பிளேன்ல நசுங்கிப் போச்சே!" என்று பெரியம்மா வாயில் கை வைத்தாள்.

அப்பா ஒரு டயரை எடுத்து உருட்டிப் பார்த்தார். வட்டவளைச் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். "பரவால்ல. டயரு நல்லாத்தான் இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒடையலங்க. இது இப்பிடித்தான் வரும். நாமதான் கட்டணும்" என்றாள். வீடு கட்டுவார்கள், மாலை கட்டுவார்கள், கார் எப்படிக் கட்டுவது என்று கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

நான் முன்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அம்மா வெளிநாடு போனவள். திரும்பி வந்தபோது நான் நாலாம் வகுப்பு. இடையில் நான் சாப்பிட்டது, தூங்கியது, காய்ச்சலில் கிடந்தது எல்லாம் அடுத்த காம்பராவில், பெரியம்மாவிடம். அம்மா என்றால் எனக்குத் தொலைபேசியில் கேட்கும் ஒரு குரல். அந்தக் குரலுக்கு முகமும் கையும் முளைத்து வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரியம்மாவை "நீ, வா, போ" என்று பேசிய நான், அம்மாவை "நீங்க, வாங்க" என்றேன். தோட்டத்துக்கு வரும் நர்ஸம்மாவிடம் பேசுகிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் "என்னா மரியாதையா வளந்திருக்கா புள்ள!" என்று மெச்சினார்கள். அம்மா மட்டும் அதைக் கேட்டு ஒருநாளும் சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் சட்டங்களைச் சோப்பு நுரையில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக்கை எதற்குக் குளிப்பாட்ட வேண்டும்? கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அச்சுல வாக்குறப்ப எண்ணெ தடவுவாங்க. அது இதுல ஒட்டிக்கிட்டு இருக்கும். கழுவாட்டி பெயிண்டு பிடிக்காது" என்றாள் அம்மா.

அவள் வந்ததிலிருந்து நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதிலும் நன்றாக இருந்தது. நான் அருகில் குந்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் சாப்பாட்டு மேசை எங்கள் பட்டறையானது. கருவிகள் எல்லாம் வீட்டில் கிடந்தவைதான். வெட்ட நகவெட்டி, தேய்க்க நகம் தீட்டும் அரம், ஒட்டிய இடத்தை இறுக்கிப் பிடிக்க உடுப்புக் காயப்போடும் கிளிப், பசை தொட்டு வைக்க ஈர்க்குக் குச்சி. எதையும் ஒட்டுவதற்கு முன்னால் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதற்கு முதலில் வர்ணம் பூச வேண்டும், மூடிய பிறகு தூரிகை போகாது. இதெல்லாம் அம்மா சொன்னவை. நான் வேகமாக ஏதாவது செய்யப் போனால் "ஷ்வை ஷ்வை" என்பாள். மெதுவாக, மெதுவாக என்பதற்கு அங்கே சொல்லும் அரபுச் சொல் அது. எனக்கு அது "சுவை சுவை" என்றுதான் கேட்டது. பிளாஸ்டிக்கில் என்ன சுவை இருக்கிறது என்று அம்மா பார்க்காத நேரம் ஒரு கதவை நக்கிப் பார்த்தேன். சோப்பு மணந்தது, அவ்வளவுதான்.

முதல் வாரத்திலேயே முன் அச்சை உடைத்தேன். சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கப் பொறுமையில்லாமல் முறுக்கி இழுத்தேன். இரண்டாகப் போனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முறிக்கக் கூடாது. மொதல்ல தள்ளி ஒரு வெட்டு. அப்புறம் கிட்ட வச்சு ஒரு வெட்டு" என்றபடியே அம்மா சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். அப்பாவின் குறட்டால் அதில் ஒரு துண்டை வெட்டி, அடுப்பில் காட்டிச் சூடாக்கி, உடைந்த இரண்டு முனைகளுக்குள்ளும் செருகினாள். அச்சு முன்னைவிடப் பலமாக நின்றது. "அந்தப் பையனும் மொதல்ல இப்பிடித்தான் ஒடச்சான்" என்று சிரித்தாள்.

அந்தப் பையன் என்றால் குவைத்தில் அம்மா வேலை செய்த வீட்டுப் பையன். என் வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன் கார் செய்யும்போது அம்மாதான் கூட இருப்பாளாம். இந்தப் பெட்டியும் அவன் கொடுத்து அனுப்பியதுதான்.

"அவன் எத்தன காரு செஞ்சான்?"

"அலமாரி நெறைய இருக்கும்."

"எல்லாத்துக்கும் நீங்க கூட இருந்தீங்களா?"

அம்மா கிளிப்பை எடுத்துத் துடைத்தாள். எனக்கோ, முகம் தெரியாத அந்தப் பையன்மேல் கோபம் கோபமாக வந்தது. இனிமேல் எதையும் உடைப்பதில்லை, அவனுடைய கார்களையெல்லாம் தோற்கடிக்கிற மாதிரி இந்தக் காரை முடிப்பது என்று தீர்மானித்தேன். அதற்குப் பிறகு அம்மாவைவிட நான்தான் கறாராகிவிட்டேன். கை கழுவாமல் அப்பா ஒரு சக்கரத்தைத் தொட்டாலும் விரட்டுவேன்.

அப்பா ஹட்டனிலிருந்து வர்ண ஸ்பிரே டின் வாங்கி வந்தார். "நம்ம ஆட்டோ கலரு" என்று அவருக்குப் பெருமை. அதற்கும் அம்மாவிடம் முறைகள் இருந்தன. டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரேயடியாக அப்பக் கூடாது, மெல்லிய பூச்சாகப் பலமுறை. எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கள் ஊரில் வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஈரக்காற்றில் அடித்தால் வர்ணம் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். காரின் உடலை ஒரு போத்தலின் தலையில் கவிழ்த்து, இஸ்தோப்பில் வைத்து அடித்தோம். இஸ்தோப்பு என்பது காம்பராவின் முன்னால் இருக்கும் சின்ன வராந்தா. தூசி படாமல் மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்ப்பது என் பொறுப்பு.

கடைசிப் பூச்சுக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்து வைத்திருந்தோம். அன்று காலையிலேயே உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். சமையல், பேச்சு, தேநீர். அவர்கள் புறப்படும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஆனாலும் வெயில் இருந்தது. அம்மா டின்னைக் குலுக்கினாள். நான் பெட்டியோடு தயாராக நின்றேன்.

கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறி வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். தேயிலை நிரைகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"பனி வருதுங்க!"

"இன்னும் ஒரே ஒரு தடவ" என்றாள் அம்மா. அடித்துக்கொண்டே இருந்தாள். பனி வாசலைத் தாண்டி எங்கள் கால்களைத் தொட்டது. கண் முன்னாலேயே அந்தச் சிவப்பு மங்கியது. சாம்பல் தூவியதுபோல கூரை முழுவதும் வெள்ளை படர்ந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பெட்டியைத் தூக்கி எறிந்தேன்.

"நீதானே சொன்ன! பனியில அடிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன! இப்பப் பாரு! ஒனக்கு அறிவு இருக்காம்மா? எல்லாத்தையும் நாசமாக்கிட்ட, போ!"

அப்போதுதான் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். "ஏய், என்னா பேச்சு இது? அம்மாவப் பாத்து நீ, போங்கிற?" என்று கையை ஓங்கினார். பெரியம்மாவும் ஓடி வந்தாள்.

"விடுங்க" என்றாள் அம்மா. "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. திட்டட்டும்."

சொல்லிவிட்டு இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. விரலெல்லாம் வர்ணம். துடைக்கப் போய்க் கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. காரைக் கெடுத்துவிட்டு இப்படிச் சிரிக்கிற ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "சிரிக்காதம்மா!" என்று கத்தினேன். அவள் இன்னும் சிரித்தாள்.

மறுநாள் வர்ணத்தை உரிக்கும் வேலை. அப்பா தின்னர் போத்தலோடு வந்தார். அம்மா தடுத்தாள். முதலில் வெட்டி எறிந்த கம்பித் துண்டில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். தின்னரில் போட்ட துண்டு வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகிப் போனது. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரேக் ஒயில் சிந்தினா ஆட்டோ பெயிண்டு உரியும். அதப் போட்டுப் பாப்பமா?" என்றார். அதில் போட்ட துண்டு அசையாமல் கிடந்தது. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அப்பாவின் முகம் ஓர் அங்குலம் அகன்றது. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஊறிய காரைப் பழைய பல் தூரிகையால் மூவருமாகத் தேய்த்தோம். உடல் மறுபடியும் வெள்ளையாக வந்தது.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தொலைபேசி அடித்தது. அம்மாவை அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரர். விடுமுறை முடியப் போகிறது, எப்போது டிக்கெட் போடுவது என்று கேட்டிருக்கிறார். அப்பா தேய்ப்பதை நிறுத்தினார். அம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த தூரிகையை வைக்காமலே பேசினாள்.

"இல்லீங்க, இப்ப வர ஏலாது. இங்க ஒரு வேல பாதியில கெடக்கு. அது முடியிற வரைக்கும் நான் எங்கயும் வரலீங்க."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு கார் முடியாததற்காக ஏஜென்சிக்காரரையே காக்க வைக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. பனிக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

ஆனால் கார் நிற்கவில்லை. அடுத்தடுத்து நல்ல வெயில். பூச்சுகள் கண்ணாடிபோல வந்தன. உள்ளிருக்கைகள் ஏறின, அச்சு ஏறியது, சக்கரங்கள் ஓடின. முன் கண்ணாடியைச் சூப்பர் குளூவால் ஒட்டினால் புகை படிந்துவிடும் என்று காகிதம் ஒட்டும் பைண்டர் கம் வைத்து ஒட்டினாள் அம்மா. பெட்டியில் மிச்சம் இருந்தவை இரண்டே பக்கக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் பச்சரிசி அளவு. முடியப் போகிறது என்று அப்பா குதூகலித்தார். நான் மட்டும் இன்னும் ஏதாவது துண்டு மிச்சம் கிடக்கிறதா என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

வலப்பக்கத்தை ஒட்டிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்தாள். அவள் திரும்பி வந்தபோது மற்றக் கண்ணாடி மேசையில் இல்லை. அது என் பென்சில் பெட்டிக்குள், அழிரப்பரின் அடியில் இருந்தது.

மூவரும் தேடினோம். நானும் மும்முரமாகத் தேடினேன். மேசைக்கடியில், பாயைச் சுருட்டி, கூட்டிய குப்பையைக் கிளறி. கடைசியில் அப்பாதான் அலுத்துப்போய், "நம்ம ஆட்டோவுலயுந்தான் ஒரு பக்கம் கண்ணாடி இல்ல. ஓடாமலா இருக்கு?" என்றார். கார் ஒற்றைக் கண்ணாடியோடு டீவியின் மேல் ஏறியது.

"முடியல, பாத்தியா" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

"ஆமா, முடியல" என்றேன் நானும், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

ஏஜென்சிக்காரர் திரும்பவும் எடுத்தார். அம்மா அதே பதிலைச் சொன்னாள். பிறகு அவரும் எடுப்பதை விட்டுவிட்டார். அம்மா தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து மற்றவர்களோடு கொழுந்து பறிக்கப் போனாள். நான் என் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கே வந்து சேர்ந்தேன். பெரியம்மா இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் என் போர்வையையும் கொண்டுவந்து போட்டாள். எல்லாம் அந்த ஒற்றைக் கண்ணாடியின் சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே வியப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு கூட்டும்போதெல்லாம் அம்மா கட்டிலுக்கடியில் குனிந்து, "அந்தக் கண்ணாடி எங்கதான் போச்சோ!" என்று உரக்கச் சொல்லுவாள். நானும் உடனே ஓடிப்போய்ப் பக்கத்தில் குனிந்து தேடுவேன். கிடைக்காது. மற்ற நாட்களில், கொழுந்து மலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும், என் புத்தகப் பையைத் திறந்து, பென்சில் பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்து, பென்சில்களை எல்லாம் கூராகச் சீவி அடுக்கி, கவிழ்த்ததில் விழுந்த எதையும் விடாமல் உள்ளே போட்டு, மேலே அழிரப்பரை வைத்து மூடுகிறவளும் அவள்தான். அருகில் உட்கார்ந்து நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.