இல்லாத பிரேக்

டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்குத் தலை சுற்றும், கால் பின்னும். அவர்களைக் குலுங்காமல் வீடு கொண்டு சேர்ப்பதுதான் அவள் வேலை. ஆஸ்பத்திரியின் வெள்ளை வேனை ஓட்டுகிறவள் அவள். பெயர் இருந்தும் எல்லோருக்கும் அவள் 'ஸ்டியரிங்'தான். வயது நாற்பத்தெட்டு. கை கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. வீட்டு வாசலில் நின்ற பிறகும் பின்னால் படுத்திருப்பவர், "வந்துட்டோமா?" என்று கேட்டால், அன்றைக்கு பிரேக் சரியாகப் பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம்.

இருபத்தைந்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையிடம் அப்போது இருந்தவை ஓர் ஓட்டை லாரியும் அவள்மேல் கொள்ளைப் பிரியமும்தான். அவள் வெங்காயம் நறுக்கினால்கூடப் பக்கத்தில் நின்று, "விரல், விரல்" என்பான். கொஞ்ச நாள் இனித்தது. லாரிகள் பெருகின, கார் வந்தது. ஒருநாள் அவள் காரைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் உரசிவிட்டாள். கதவில் ஒரு கீறல், அவ்வளவுதான். அவளுக்கு ஒன்றுமில்லை, பயந்துபோனது அவன்தான். அவளுடைய லைசென்ஸை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினான்.

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன ஆவேன்?"

கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். பீரோ திறக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் ஸ்குரூடிரைவரால் பூட்டை நெம்பி லைசென்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நகைகளைத் தொடவில்லை. விவாகரத்து ஆனது. அதன்பின் இருவருமே வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்பாள்.

போன வருஷம் அவனுடைய அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. தம்பி இப்போது பெரிய லாரிக் கம்பெனி முதலாளி. வீட்டுக்குள் லிஃப்ட், வாசலில் மூன்று கார். அக்காவோ, தம்பியின் பழைய பெண்டாட்டி ஓட்டுகிற வேனில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"உன் டிரைவர் ஒரு பள்ளத்தையும் விட மாட்டேங்கிறான்டா. எல்லாத்துலயும் இறங்கி நலம் விசாரிச்சுட்டு வரான். இவ ஓட்டுனா எனக்குத் தூக்கம் வருது."

மறுநாளிலிருந்து வேனுக்குப் பின்னால் ஒரு கார் வந்தது. தம்பியே ஓட்டிவந்தான், அக்காவின் பாதுகாப்புக்காம்.

"கண்ணாடியில பாரு, உன் வால் வருது" என்றார் அக்கா.

"கிட்ட வந்து இடிச்சா வால்தான் அறுந்துபோகும்னு சொல்லி வைங்க, அண்ணி."

வால் மெல்ல டீ வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. தலை நரைத்துவிட்டது, சட்டையில் ஒரு பட்டன் இல்லை. அந்தப் பட்டன் ஒரு வாரம் அவள் மனத்தை உறுத்தியது. டீ வராத நாளில் கண்ணில் பட்டவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தாள்.

"திரும்பி வந்துடேன்" என்று ஒருநாள் கேட்டான்.

"யோசிக்கணும்" என்றாள். பாதிக்குமேல் யோசித்தும் விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து மலைப்பாதை அவள் கையைவிட்டுப் போனது. மலையூர் நோயாளிகளைக் கொண்டுபோய் விடுவது அவள் கேட்டு வாங்கிய வேலை. "இனிமே டவுன் மட்டும் போதும்மா" என்றார் மேனேஜர், அவள் முகத்தைப் பார்க்காமல். யார் சொல்லி என்று அவள் கேட்கவில்லை. நேரே அவன் அலுவலகத்துக்குப் போனாள்.

"மறுபடியும் பீரோவா?"

"மழைக்காலம். மேல மண்ணு சரியுது, நீ..."

"நான் ஓட்டி நீங்க ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கீங்களா?"

அவன் யோசித்துப் பார்த்தான். உட்கார்ந்ததே இல்லை.

"பார்க்காமலே பயப்படுறீங்க. மேனேஜர்கிட்ட சொல்லி என் பாதையைத் திருப்பிக் கொடுங்க. நாளைக்கு என் பக்கத்துல உட்கார்ந்து மேல வாங்க. வாயும் திறக்கக் கூடாது, காலும் ஆடக் கூடாது. முடியலைன்னா இதோட விட்டுடுவோம். டீயும் வேண்டாம்."

அவள் எதிரிலேயே போனை எடுத்தான்.

மறுநாள் அக்காவுக்குச் சிகிச்சை இல்லை. இருந்தாலும் இந்த வேடிக்கையை விடுவாரா? பின்சீட்டில் ஏறிக்கொண்டார். டயாலிசிஸ் முடிந்து மலையூர் போகவேண்டிய தபால்காரர் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதல் வளைவில் அவன் வலது கால் தரையை அழுத்தியது. அடுத்ததில் இன்னும் அழுத்தமாக.

"டேய், அங்க பிரேக் இல்லைடா. மிதிச்சு மிதிச்சு ஓட்டை போட்டுடாதே!"

"நான் வாயே திறக்கலையே!"

"இப்பத் திறந்துட்டியே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயை யாரும் அடக்கிவிடலாம், கால் பொய் சொல்லாது. இந்தக் கால் அடங்காவிட்டால் இவனை இறக்கிவிட்டுத் தனியாகத்தான் போகவேண்டும். போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் வலித்தது.

உச்சி வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. எதிரே ஒரு லாரி. அகலமான இடம்வரை வேனைப் பின்னால்தான் எடுக்கவேண்டும், ஒரு பக்கம் பள்ளம். ரிவர்ஸ் கியர் போட்டாள். அவன் காலைப் பார்த்தாள்.

அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி, தேய்த்த பேன்ட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. கை இரண்டும் முழங்காலில். கண்ணாடியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

ஒரே வீச்சில் பின்னால் எடுத்து ஒதுக்கினாள். லாரி கடந்தது. அது அவன் கம்பெனி லாரி. ஆஸ்பத்திரி வேனில் முதலாளி சம்மணமிட்டிருப்பதைப் பார்த்த டிரைவருக்கு வணக்கம் வைக்கக்கூடத் தோன்றவில்லை.

மலையூரில் தபால்காரர் கண் விழித்து, "வந்துட்டோமா?" என்றார்.

அவரை வீட்டுக்குள் படுக்கவைத்துவிட்டு வந்தாள். அவன் அதே சம்மணத்தில் இருந்தான்.

"லைசென்ஸ் என் பையிலதான் இருக்கும்."

"அந்தப் பீரோ நீ நெம்புன நாள்லேருந்து பூட்டலை. பூட்டை நான் சரிபண்ணவும் இல்லை."

"அப்ப சாயங்காலம் வரேன். என் சேலைக்கு அதுல இடம் பண்ணுங்க. அந்தச் சட்டைக்குப் பட்டனும் வாங்கி வைங்க."

பின்னால் அக்கா எதற்கோ மூக்கை உறிஞ்சினார்.

மலையிலிருந்து வேன் இறங்கும்போது கால் மரத்துப்போய்க் கீழே தொங்கவிட்டான். கடைசி வளைவில் ஒரே ஒரு தடவை மிதித்தான். அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.