நண்டுப் பலகை

உலர்ந்த சருகின் மேல் ஆயிரம் கால்கள் நடக்கிற ஓசையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். முறத்தில் அரிசியைப் போட்டு யாரோ நிதானமாக அசைப்பது போல இருக்கும், முதலில் தூரத்தில், பிறகு வேலியோரம், பிறகு வாசற்படியிலேயே. நான் பிறந்த இடத்தில் மழைக்காலம் இடியோடு வராது, அந்த ஓசையோடுதான் வரும். சிவப்பு நண்டுகள் காட்டை விட்டுக் கிளம்பி, வண்டி போகிற சடக்கு, தண்டவாளம், சீனக் கோயில், துரை வீட்டுப் புல்தரை என்று எதையும் மதிக்காமல் கடலை நோக்கி இறங்கும். அவற்றின் வழியில் எங்கள் வீடு இருந்தால், முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போகும், அவ்வளவுதான். அதனால் முதல் மழை விழுந்ததுமே ஒவ்வொரு வீட்டிலும் வாசலுக்குக் குறுக்கே ஒரு சாண் உயரத்துக்கு வழவழப்பான பலகை ஒன்றைச் செருகுவார்கள். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் "நண்டுப் பலகை".

அந்த இடம் கிறிஸ்மஸ் தீவு. ஜாவாவுக்குத் தெற்கே, இந்துமாக் கடலில் தன்னந்தனியாக நிற்கிற ஒரு பாறை. அதன் தலையில் இருந்த பாஸ்பேட்டு மண்ணை வெட்டிக் கப்பலில் ஏற்றி, எங்கோ இருந்த கோதுமை வயல்களுக்கு உரமாக அனுப்பினார்கள். அந்த மண்ணுக்காகவே அங்கே ஓர் ஊர் உண்டானது. முதலில் கூலிக்கு வந்த சீனர்கள் பலர் நோயில் மடிந்து காட்டோரமே புதைந்து போனார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு மலாய்க்காரர்கள் வந்தார்கள், சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் வந்து போனான், சண்டை ஓய்ந்தபின் மலாக்காத் தோட்டத்துப் பிள்ளையான என் அப்பாவும் இன்னும் ஒரு கைப்பிடித் தமிழர்களும் போய்ச் சேர்ந்தார்கள். மலை உச்சியிலிருந்து துறைக்குக் கம்பியில் இறங்குகிற மண் வண்டிகளுக்குப் பிரேக் பிடிப்பது அப்பாவின் வேலை. நண்டு இறங்கும் நாட்களில் துடைப்பமும் கையுமாகத் தண்டவாளத்தில் நின்று, "போங்க சாமி, போங்க, மேல வண்டி நிக்குது" என்று அவற்றை ஒதுக்கிவிட்ட பிறகுதான் பிரேக்கைத் தளர்த்துவார். துரை கத்துவதெல்லாம் அவர் காதில் ஏறவே ஏறாது.

அந்த ஊரில் எல்லாவற்றின் மேலும் மண் தூசி படிந்திருக்கும். தம்ளர்களைக் கவிழ்த்தே வைப்பார்கள், தட்டை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் சோறு போடுவார்கள். இன்றைக்கும் என் கனவில் தீவு மாவு சலித்த மாதிரிதான் வருகிறது: வெளுத்த மரங்கள், வெளுத்த கூரைகள், நடுவில் சிவப்பாக ஏதோ ஒன்று அசைந்து அசைந்து கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு அப்படிப்பட்ட கனவெல்லாம் கிடையாது. அவளுக்கு இருமல்தான் இருந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு கப்பலேறி வந்து சேர்ந்ததும் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். "நாடே நம்ம கைக்கு வருது, நாம மட்டும் இந்தப் பாறையில உக்காந்து தூசி தின்னணுமா? பிள்ள பள்ளிக்கூடம் போக வேணாமா?" தீவு வேறு ஆஸ்திரேலியாக்காரன் கைக்கு மாறப்போகிறது என்றார்கள். அப்பா சரியென்று கிளம்பிவிட்டார். சாமான்களைப் பெட்டியில் அடுக்கியபோது அம்மாவுக்குத் தெரியாமல் நண்டுப் பலகையையும் அடியில் வைத்துக் கட்டினார், அவ்வளவுதான்.

மலாக்காவின் காஜா பெராங்கில், தலைமுறைகளுக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட செட்டிகளின் கம்பத்துக் குடியிருப்புக்குப் பக்கத்தில், ஒரு பலகை வீட்டின் பாதியை வாடகைக்குப் பிடித்தோம். அடுத்த பாதியில் மாக் சூ இருந்தார். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய் என்று, எங்களைப் போலவே முருகனைக் கும்பிட்டு எங்களைப் போலத் தமிழ் பேசாத செட்டி அம்மா. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளன்று ஊரே கொடியும் கூச்சலுமாக இருந்தது. அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு சடக்கோரம் நின்று அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கொடியை அல்ல, கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதை. காற்று திரும்பினால் மழை வரும், மழை வந்தால் நண்டு இறங்கும். மனுஷன் உடம்பு மட்டும்தான் கப்பலை விட்டு இறங்கியிருந்தது.

அது அம்மாவுக்கும் தெரியும். சில்லறை வேலைகளில் அவரை எத்தனை நாள் கட்டிவைக்க முடியும்? சிங்கப்பூரில் தீவுக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் பார்த்தவர் கேட்டவர் எல்லாரிடமும் சொல்லிவைத்து, பத்து பெரெண்டாம் பக்கம் ரப்பர் பதப்படுத்தும் ஒரு கித்தா ஆலையில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த பெரியவரை எங்கள் வீட்டுக்கு வர ஒப்புக்கொள்ள வைத்தாள். அவர் வந்து, ஆளைப் பார்த்து, சரி என்று தலையாட்டினால் நிரந்தர வேலை. வேலை நிலைத்தால் அப்பா நிலைப்பார் என்பது அம்மாவின் கணக்கு.

அவர் வருவதாகச் சொன்ன சாயங்காலம் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு மழைக்காலத்தின் முதல் மழை கூரைத் தகரத்தில் விழுந்தது. அப்பா எழுந்தார், கட்டிலுக்கடியிலிருந்து பலகையை எடுத்தார், வாசலுக்குக் குறுக்கே செருகினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. எனக்கு அது சோறு சாப்பிடக் கை கழுவுவதைப் போலச் சாதாரணமாகத்தான் பட்டது.

மண்டோர் குடையை மடக்கி உதறிக்கொண்டே உள்ளே காலை வைத்தார். அடுத்த நொடி வெள்ளைச் சட்டையோடு குப்புற விழுந்து கிடந்தார். அப்பா ஓடிப்போய்த் தூக்கினார்.

"ஏன்யா, வர்ற வாசல்ல கட்டையப் போட்டு வச்சிருக்க?"

"நண்டு வரும்ங்க" என்றார் அப்பா, வெகு மரியாதையாக.

"நண்டா? காஜா பெராங்லயா?"

"அப்பா, எப்ப வரும்?" என்று நான் வேறு ஆசையாகக் கேட்டுவைத்தேன்.

மண்டோர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார். வடையைத் தொடவில்லை. மழை விடுவதற்கு முன்பே குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. ஓசை கேட்டு எட்டிப் பார்த்த மாக் சூ பலகையைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊஜான் சாஜா-லா! ஊஜான் சாஜா!" வெறும் மழைதானப்பா, வெறும் மழை.

அம்மா சிரிக்கவில்லை. "நீங்க வேணும்னு செய்யலங்க, அது எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்" என்றாள். வேலை போனதைவிட, அது போனதும் அப்பா முகத்தில் வந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது. கொஞ்ச நாளில் அவர் சிங்கப்பூருக்கு ரயிலேறினார். "ஒரே ஒரு காண்ட்ராக்ட், புள்ள. முடிச்சிட்டு வந்துடுறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வாசல்வரைகூட வரவில்லை.

அடுத்த ஆண்டு முதல் மழை வந்தபோது நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கட்டில் நகரும் சத்தம் கேட்டது. அம்மா பலகையை இழுத்து, முந்தானையால் துடைத்து, வாசலில் செருகிவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு அங்க இறங்கும். உங்கப்பா துடப்பத்தத் தூக்கிக்கிட்டு நிப்பாரு, பைத்தியக்கார மனுஷன்" என்றாள். பிறகு, என்னிடம் இல்லை, மழையிடம் சொல்வது போல, "வந்துடுங்க, என்னால தனியா முடியல" என்று வாய்விட்டு அழுதாள். மாக் சூ வந்து பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பலகையை ஜாக்கிரதையாகத் தாண்டி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சொன்னபடியே காண்ட்ராக்ட் முடிந்து அப்பா வந்தார், இளைத்து, அம்மாவின் பழைய இருமலைத் தானே வாங்கிக்கொண்டவர் மாதிரி இருமிக்கொண்டு. அந்த ஆண்டு மழைக்கும் அம்மாதான் பலகையை எடுத்தாள். அவருக்கு மனசு ஆறட்டும் என்று நினைத்திருப்பாள். அவள் அதைச் செருகி முடிக்கும்வரை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து வாசலிலிருந்து பலகையை மெதுவாக உருவி, சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"ஊஜான் சாஜா-லா" என்றார், அசல் மாக் சூ குரலில்.

அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் பிறகு எப்போதும் கேட்கவில்லை.

அந்தப் பலகை வீடு இப்போது இல்லை, அங்கே டயர் கடை வந்துவிட்டது. பலகையைக் கரையான் தின்றது. அம்மா, அப்பா, மாக் சூ, எல்லாரும் போய்விட்டார்கள். தீவில் நண்டு இறங்குவதைப் படம் பிடிக்க நாடு நாடாக ஆட்கள் வருகிறார்களாம்; துடைப்பத்தோடு தண்டவாளத்தில் நின்ற எங்கள் ஆட்களை அங்கே யார் நினைக்கப் போகிறார்கள்? நான் மலாக்காவிலேயே செங் பக்கம், வரிசை வீடு ஒன்றில், சிமெண்டு வாசலோடு குடியிருக்கிறேன். ஆனாலும் முதல் மழையன்று துணியெடுக்க வெளியே ஓடும்போது, வாசலில் என் கால் தானாக ஒரு சாண் உயர்ந்துதான் இறங்குகிறது.