ஒரே நாளில் இரண்டு பண்ணை

சேலத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான் பிசினஸ் அனலிஸ்ட். ஒவ்வொருவரிடமாகப் போய், என்ன வேலை செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று தொணதொணத்து எழுதி வருவது என் பிழைப்பு. எங்கள் புராஜெக்ட் மேனேஜருக்குத் தெரிந்த ஒரே கேள்வி, எப்போது முடியும் என்பது. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை ஒரே காரில் ஏற்றினால் எப்படி இருக்கும்? எருமப்பட்டிப் பண்ணை போய்ச் சேரும் வரைக்கும் சண்டைதான்.

அவர் திருச்செங்கோட்டுக்காரர். டெஸ்டிங்கில் ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டு அப்போதுதான் மேனேஜர் ஆகியிருந்தார். இந்த முதல் புராஜெக்ட் சொதப்பினால் பழைய நாற்காலிக்கே போகவேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. பாவம், அதனால்தான் அத்தனை அவசரம். முட்டைக்கோழிப் பண்ணையில் தினம் எத்தனை முட்டை என்று பதிய ஒரு மென்பொருள். இரண்டு பண்ணைகள் கேட்டிருந்தன. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதாக அவர் திட்டம் போட்டார். காலையில் வெண்ணந்தூர், மதியம் எருமப்பட்டி. எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

எருமப்பட்டி கேட்டில், எங்கிருந்து வருகிறீர்கள் என்று பண்ணைக்காரர் கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? காலையிலேயே ஒரு பண்ணையை முழுசாகச் சுற்றிவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவ்வளவுதான், கேட் சாத்திக்கொண்டது. ஒரு பண்ணையை மிதித்த காலோடு இன்னொன்றுக்குள் போனால் நோயும் கூடவே போகும் என்பது நாமக்கல் பக்கம் பண்ணை வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று நாள் எந்தக் கோழி பக்கமும் போகாமல், குளித்துவிட்டு வரச் சொன்னார், மரியாதையாகத்தான்.

மேனேஜரின் திட்டத்தில் மூன்று நாளுக்கு எங்கே இடம்? எல்லாப் பண்ணையும் ஒன்றுதானே, வெண்ணந்தூர்க் குறிப்பையே பெயர் மாற்றிக் கொடுங்கள் என்று மெயில் அனுப்பினார். முடியவே முடியாது என்று கத்தினேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மகராசியாக உட்கார்ந்து பெயரை மாற்றினேன்.

ஒரு மாதம் கழித்து மென்பொருளைக் காட்டப் போனோம். கேட்டுக்கு வெளியே ஆபீஸ் அறை. பண்ணைக்காரர், முட்டை பொறுக்கும் அக்கா ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்தார். கொட்டகையில் நின்றபடியே பதியலாம் என்று மேனேஜர் போனை நீட்டினார். அக்கா போனைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அந்தப் பண்ணையில் போன், செருப்பு, கட்டின துணி எல்லாவற்றையும் கேட்டிலேயே விட்டு, குளித்து, அவர்கள் தரும் உடையில்தான் யாரும் உள்ளே போகமுடியும். வெண்ணந்தூரில் போனோடு உள்ளே போனதை வைத்துச் செய்த எங்கள் மென்பொருளால் இந்தக் கொட்டகைக்குள் நுழையவே முடியாது.

"எங்க பண்ணையப் பத்தி இப்படி எழுதிக் குடுத்தது யாருங்க?" என்று பண்ணைக்காரர் கேட்டார்.

பெயரை மாற்றச் சொல்லி மேனேஜர் அனுப்பிய மெயில், மேசைக்கடியில் என் போனில் தயாராகத் திறந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வரும் வழியிலேயே தேடி எடுத்திருந்தேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

அதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "அவங்க நேர்ல வந்து பாக்கோணும்னு சண்டை போட்டாங்க. வேண்டாம்னது நானுங்க. தேதிக்குப் பயந்துட்டனுங்க."

அங்கேயே மேலிடத்துக்கும் போன் போட்டு அதையே சொன்னார். போச்சு, மேனேஜர் நாற்காலி போச்சு என்று நினைத்தேன். பண்ணைக்காரர் போனைக் கேட்டு வாங்கினார். மூன்று நாள் கழித்து இருவரும் வந்து பார்க்கட்டும், ஆனால் இதே மேனேஜர்தான் வரவேண்டும், ஆளை மாற்றினால் மென்பொருளே வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பும்போது மனசு கேட்கவில்லை. காரில் அந்த மெயிலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். எங்கள் குறிப்பின் கடைசிப் பக்கம். எருமப்பட்டிப் பண்ணையை நேரில் பார்த்து எழுதியது என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து.

"நானும் எடுத்துட்டுத்தான் வந்தனுங்க," என்றார்.