கத்திரிப்பூ நிறத்தில் ஒரு தெரு

செல்வமேரிக்கு எதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பூசை நடுவில் சாமியார் இருமினால்கூட ஏன் என்று கேட்பாள் என்று ஒரகடத்தை அடுத்த அந்தக் கிறிஸ்தவத் தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே! அந்த வாய் இல்லாவிட்டால் அந்தத் தெருவே இன்றைக்கு இருந்திருக்காது.

எழுபதுகளின் கடைசி. மழை பெய்தால் கூரை ஒழுகி, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். அந்த வைராக்கியத்தில் கல்வீடு கட்டச் செங்கல் வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். அனுமதி கேட்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால், சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. எங்கே வீடு, எங்கே வயல், எங்கே தொழிற்சாலை என்று நிறம் பூசிய நகரமைப்பு வரைவுத் திட்டம்.

"மஞ்சள்னா வூடு, பச்சைன்னா பயிரு," என்றார் கிளார்க் கோதண்டம்.

"எங்க தெரு எங்க கீது?"

அவர் விரல் வைத்த இடம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

"இது இன்னா கலரு?"

"கம்பெனி வர்ற இடம். இது அப்படியே பாஸ் ஆச்சுன்னா அங்க புதுசா வூடு கட்ட முடியாதும்மா."

செல்வமேரிக்குக் கேள்வி நிற்குமா? மனுஷர் குடியிருக்கிற தெரு எப்படிக் காலி நிலமாச்சு என்று பிடித்துக்கொண்டாள்.

"அளக்க வந்தப்ப நீங்கதான சொன்னீங்க, வூடே இல்ல, எல்லாம் மாட்டுக் கொட்டாய்னு?"

அட கடவுளே! போன வருஷம் டேப்பும் கையுமாக வந்தவர்களை வீட்டு வரிக்காரர்கள் என்று நினைத்து, தெருவே கூடிப் பேசிவைத்துச் செய்த வேலை அது. சாமான்களையெல்லாம் ஒளித்துவிட்டு, வாசலுக்கு வாசல் ஒரு மாட்டைக் கட்டினார்கள். மாடு இல்லாதவர்கள் இரவல் வாங்கினார்கள். எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று குறிக்க வந்த அந்த அப்பாவிகள் அதை நம்பிவிட்டார்கள்.

திட்டம் முடிவாகும் முன் ஆட்சேபணை சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். கிளம்பியவளைக் கணவர் லாசர் மறித்தார். "பொய் சொன்னோம்னு நீயே போய் சொல்லுவியா? தெருவுக்கே வரி போடுவான்."

"போட்டா கட்டலாம்யா. வூடே இல்லன்னா எங்க போய் நிக்கிறது?"

கூட்டத்தில் தெருக்காரர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் எழுந்தாள். "சார், வரிக்கு பயந்து பொய் சொல்ட்டோம். அது கொட்டாய் இல்ல, வூடு."

"இப்ப சொல்றது மட்டும் நெசம்னு எப்படிம்மா நம்பறது?" என்றார் நகரமைப்பு அதிகாரி.

நியாயமான கேள்விதானே! நேரில் வந்து பார்ப்பதாக அவர் சொன்னார்.

அவர் வந்த காலை ஒருவரும் வயலுக்குப் போகவில்லை. அன்றைக்கு ஒளித்ததெல்லாம் இன்றைக்கு வெளியே வந்தது: கட்டில், தொட்டில், அம்மி, மாதா படம். எல்லா வீட்டிலும் அடுப்பு புகைந்தது. பக்கத்து வீட்டுப் பெரியநாயகம் மட்டும் ஆர்வக் கோளாறில் தன்னுடைய நிஜமான மாட்டுக் கொட்டாயிலும் அடுப்பு மூட்டி, ஒரு பாயையும் விரித்து வைத்துவிட்டார். அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். எருமையும் அவரை எட்டிப் பார்த்தது.

"இதுவும் வூடா?"

"ஆமா சார்," என்றார் பெரியநாயகம் கூசாமல்.

செல்வமேரிக்கு வந்ததே கோபம்! "சும்மா இரு மாமா! சார், இது கொட்டாய்தான். கொட்டாய்னே எழுதிக்குங்க."

பெரியநாயகம் முறைத்தார். அதிகாரியோ அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, மற்ற வீடுகளையெல்லாம் மறுபேச்சில்லாமல் வீடு என்றே குறித்துக்கொண்டார்.

மேலிடத்து ஒப்புதல் வாங்கித் திட்டம் திரும்பி வர வருஷங்கள் ஆயின. தெரு மஞ்சளாகியிருந்தது. "இனிமே இத மாத்த மாட்டாங்களே?" என்று கோதண்டத்தைக் கேட்டாள்.

"யாராவது திருத்தம் கேட்டா மாத்தலாம். அதுக்கும் முதல்ல அறிவிப்பு ஒட்டுவாங்க, ஆட்சேபணை கேப்பாங்க."

விடுவாளா? அன்றிலிருந்து ரேஷன் வாங்கப் போகும்போதெல்லாம் பஞ்சாயத்துச் சுவரை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

செங்கல் சுவரானது. ஓடு வேய்ந்து, சுவர்ப் பூச்சின் ஈரம் காயுமுன்னே நிஜமான வரிக்காரர் வந்து நின்றார். தெருவே கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தது. லாசர் பழக்க தோஷத்தில் மாட்டைத் தேடினார்.

"இது இன்னா..." என்று வரிக்காரர் ஆரம்பித்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து செல்வமேரி கத்தினாள்.

"வூடு சார்! எங்க வூடு! நல்லா பெருசா எழுதிக்குங்க!"