சுர்கந்தாரியாச் சிவனும் மோர்னிங்சைட் பக்தர்களும்

நூதனசாலையில் காவலுக்கு நிற்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: பழம்பொருட்களால் ஒரு கரைச்சலும் இல்லை, அவற்றைப் பார்க்க வருகிற சனத்தால்தான் எல்லாக் கரைச்சலும். கால் உளைய உளைய நின்று, "வோஷ்ரூம் எங்கே?" என்ற கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லும் என் இனத்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் ஒரு சின்ன நூதனசாலையில் என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து சுர்கந்தாரியா என்ற மாகாணத்தைப் பற்றிய கண்காட்சி வந்து இறங்கியது. உஸ்பெகிஸ்தானின் தெற்குத் தொங்கல் அது. கீழே ஆமு தாரியா ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான். என் மேற்பார்வையாளர் மார்கரெட் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். கண்காட்சி முடியும்வரை என் பகுதியில் உள்ள கண்ணாடிப் பெட்டிகளில் ஒரு கறை படக்கூடாது. படாவிட்டால் வேலை நிரந்தரம். பட்டால் நான் பழையபடி பிறம்ரன் வேர்ஹவுஸில் பெட்டி தூக்கப் போகவேண்டும். அதை நினைத்தாலே எனக்கு முதுகு நோகும்.

இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். கண்காட்சி விளம்பரத்தை யாரோ அஜின்கோர்ட் தமிழ்க் கடைகளில் ஒட்டிவிட்டது எனக்குத் தெரியாது. விளம்பரத்தில் இருந்தது ஒரு பழைய நாணயம். நாணயத்தில் கையில் சூலத்தோடு ஒரு தெய்வம், பின்னால் ஒரு காளை. மோர்னிங்சைட் முதியோர் சங்கம் பஸ் பிடித்துவிட்டது.

ஜீ.ஏ. ஆர்?

சங்கத் தலைவர் சிவபாதம் அங்கிள். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். மற்றவர்கள் சிலைகளைப் பார்க்க, அவர் வாசலிலேயே நிர்வாக வரைபடத்தின் முன்னால் நின்றுவிட்டார். மாகாணத்தை ஆள ஒரு ஹோக்கிம், மாவட்டத்தை ஆள ஒரு ஹோக்கிம், அதற்கும் கீழே மஹல்லா என்ற அயல், மஹல்லாவுக்கு ஒரு தலைவர் என்று அதில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ஊர்ப் பதவி ஒன்றைப் பொருத்திக்கொண்டே வந்தார். பெரிய ஹோக்கிம் ஜீ.ஏ. என்கிற அரசாங்க அதிபர், சின்ன ஹோக்கிம் அவருக்கு உதவியான ஏ.ஜீ.ஏ., மஹல்லாத் தலைவர் ஊரைப் பார்க்கிற விதானையார்.

"அங்கிள், உள்ளுக்குப் புத்தர் சிலை எல்லாம் இருக்கு, அதையும் பாருங்கோவன்" என்றேன். அவர் அசையவில்லை. விதானையாரின் கட்டத்தில் விரலை வைக்கப் போனார், நான் பாய்ந்து மறித்தேன். விரலை மடக்கிக்கொண்டு சொன்னார்: "சிலை ஓடாது பிள்ளை. ஒரு நாட்டுக்குப் போனால் முதல் விதானை ஆரெண்டு தெரிஞ்சுகொள்ளவேணும். அவன்ரை கையெழுத்தில்லாமல் அங்க செத்தாலும் எரிக்கேலாது."

கடல் எங்கே?

மனோ அன்ரி பருத்தித்துறைக்காரி. தரைத்தோற்ற வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார். மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, புழுதிக் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்றுகூடப் போட்டிருக்கிறது. "கடலைக் காணேல்லை, விட்டிட்டினமோ?" என்று கேட்டார். "கடல் இல்லை அன்ரி, அந்த நாட்டிலயிருந்து கடலுக்குப் போறதெண்டால் குறைஞ்சது ரெண்டு நாடு தாண்டவேணும்" என்றேன்.

அன்ரியின் முகம் வாடிப்போனது. செத்தவீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில், அப்போ மீனுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டார். ஆற்றில் பிடிப்பார்கள் என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பினார்: "கேட்டியே, ஆத்து மீனாம். நாங்கள் அகதியா வந்து இஞ்சை குளிருக்க கிடந்தாலும் ஒரு விளைமீன் சாப்பிடுறம். அதுகள் சொந்த நாட்டில இருந்துகொண்டு படுற பாட்டைப் பார்."

ஆட்டுக்காரன்

தொல்லியல் பகுதிக்கு வந்ததும் கூட்டம் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டது. பாலைநிலத்தில் ஒரு மண்மேடு, அதைக் கிண்டும் ஆட்கள், அடியில் தாதுகோபமும் பிக்குகளின் அறைகளும். அந்தப் படத்தைக் கண்டு வேறு யாராவது "ஆகா" என்பார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் மண்ணுக்கடியில் புத்தர் காலத்துக் கட்டடம் இருக்கிறது என்று கிண்ட வந்தால், அடுத்தது காணி போகும். நான் வந்து நின்று விளக்கம் சொன்னபோது திருகோணமலைப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். மேடு யாருடைய காணியில் இருந்தது என்று கேட்டார்.

வெறும் எல்லை நிலம், யாருடைய காணியும் இல்லை என்றேன். "எங்கட காணியையும் அப்பிடித்தான் முதல் சொன்னவை" என்றார். பேச்சை மாற்ற, அந்த மேட்டை முதலில் கண்டது ஆடு மேய்த்த ஒருவன்தான் என்ற கதையைச் சுவாரசியமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உந்த ஆட்டுக்காரன் ஒரு மொக்கன், பிள்ளை. கண்ட உடனை மண்ணைப் போட்டு மூடிப்போட்டு, வாயையும் மூடிக்கொண்டு வீட்ட போயிருக்கவேணும்."

மாடு யாருடையது?

கடைசியில் அந்த நாணயம். நான் பயந்தது இங்கேதான் நடந்தது. ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்கிறேன், பெட்டியைச் சுற்றிச் சப்பாத்துகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. மனோ அன்ரி கண்ணை மூடி நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நிற்கிறார். எடுத்தபோது கண்ணாடியில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம். அவருக்குப் பின்னால் அடுத்த நெற்றி தயாராக நின்றது.

நான் குளிர் காய்ச்சல் வந்தவள் மாதிரி நடுங்கிக்கொண்டு துடைத்தேன். துடைக்கத் துடைக்க அடுத்தது விழுந்தது. அடுத்த கிழமை வேறொரு பஸ் வந்தது. தமிழில் "தொடவேண்டாம்" என்று எழுதி வைத்தேன், அதையும் கும்பிட்டார்கள். "அன்ரி, இது சிவன் இல்லை. குஷாணர் காலத்துத் தெய்வம், பேர் ஓயேஷோ. வாசிச்சுப் பாருங்கோ" என்று கெஞ்சினேன். இரண்டாம் தரமும் வந்திருந்த மனோ அன்ரி என்னை இரக்கத்தோடு பார்த்தார்: "பேர் என்னவா இருந்தா என்ன பிள்ளை, மாடு எங்கட மாடுதானே."

துடக்கு

அழுகை வருமாப்போல இருந்தபோதுதான் பக்கத்துப் பெட்டி கண்ணில் பட்டது. அதில் இருந்தது அந்த மண்ணில் கிடைத்த சுடுமண் பெட்டகம். இறந்தவர்களின் எலும்பைச் சேர்த்து வைப்பதற்கானது, இதில் எலும்பும் இருந்தது. இவ்வளவு நாளும் ஒருவரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. நான் மனோ அன்ரியின் காதுக்குக் கிட்டப் போய், பக்கத்தில் செத்த ஆளின் எலும்பு கிடக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

நெற்றி அந்தரத்தில் நின்றது. செத்த ஆளின் எலும்பென்றால் துடக்கு, கிட்டப் போன தீட்டுக்குத் தலை முழுகவேண்டும். செய்தி வாசல்வரை ஓடியது. அன்றிலிருந்து கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை, எல்லோரும் எட்ட நின்றே கும்பிட்டார்கள். மார்கரெட் வந்து குனிந்து பார்த்துவிட்டு மெச்சினார். மனோ அன்ரி மட்டும் போகும்போது என்னைக் கேட்டார்: "கோயிலுக்குப் பக்கத்தில செத்தவீட்டை வைச்சிருக்கிறியள். உங்களுக்கு ஒரு பெரியாக்கள் இல்லையே?"

முறைப்பாடு

பெரியாட்கள் இருந்தார்கள். சிவபாதம் அங்கிளும் மனோ அன்ரியும் மார்கரெட்டின் அறைக்கே வந்துவிட்டார்கள். எலும்பை அப்புறப்படுத்தவேண்டும் என்பது கோரிக்கை. அங்கிளுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் முறைப்பாடு என்றால் தாய்மொழியில்தான் வைப்பேன் என்று நிமிர்ந்து இருந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். "உந்தப் பிள்ளைதான் எங்களுக்குச் சொன்னது" என்று அவர் என்னைக் காட்ட, அதையும் நானே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லை விழுங்கலாம் என்றால், சரியாகச் சொல்கிறேனா என்று அங்கிள் தலையாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்கரெட்டின் முகம் இறுகியது. பார்க்க வருகிறவர்களை வெருட்டித் துரத்துகிற ஒருவரை நிரந்தரமாக வைத்திருக்க முடியாது என்றார். "என்னவாம்?" என்று மனோ அன்ரி கேட்டார். "என்ரை வேலை போகப்போகுதாம், அன்ரி" என்றேன். அங்கிள் தாய்மொழியைக் கைவிட்டு, "மேடம், கம்ப்ளெயின்ட் இஸ் வித்ட்ரோன்!" என்று எழும்பினார். மனோ அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எலும்பு கிடந்திட்டுப் போகட்டும். நாங்கள் வந்து கும்பிட்டிட்டு ஒவ்வொரு முறையும் வீட்ட போய்த் தலை முழுகிறம். பிள்ளையின்ரை வேலைக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன், பாதி அழுகையில். இந்தக் குளிரில் ஒவ்வொரு தரமும் தலை முழுகிவிட்டும் வருவார்களா என்று மார்கரெட் திரும்பக் கேட்டார். ஓம் என்றேன். மார்கரெட் சிரித்துவிட்டு, அப்படியென்றால் நான் ஒருவரையும் துரத்தவில்லை, இங்கேயே நிரந்தரமாக இருக்கலாம் என்றார். வெளியே வந்ததும் நான் அன்ரியைக் கட்டிப்பிடித்தேன். அவர் காதுக்குள் சொன்னார்: "வேலைதான் நிரந்தரமாகிட்டுதே. இனி அந்தக் கண்ணாடியில ஒருக்கா நெத்தியை வைக்க விடு, பிள்ளை. முழுகிறதுதான் முழுகப்போறன்."

நிரந்தர வேலை எப்படி என்று விசாரிக்கும் சக காவலர்களுக்கு ஒரே வரியில் பதில்: முன்பு பயந்து பயந்து துடைத்த விபூதியை இப்போது ஆறுதலாகத் துடைக்கிறேன்.