சிதம்பரம் முகாம் – செலவு: இல்லை

எங்கள் ஆபீசில் தட்டுப்பாடே இல்லாமல் கிடைக்கிற ஒரே சரக்கு, 'இன்னும் பண்ட் வரல' என்ற பதில்தான்.

நீங்களும் என்னைப் போலக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, யாரோ எடுத்த முடிவுக்காக யாரிடமோ திட்டு வாங்குகிறவர் என்றால் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். பெயர் ஸ்டெல்லா. கடலூர் முதுநகர்க்காரி. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் அரசு ஒதுக்கும் உதவிகளை வாங்கித் தருகிற ஆபீசில் ஒப்பந்த வேலை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று ஊரில் எங்களைத்தான் குத்திக் காட்டுவார்கள். இங்கே பூசாரிகள் கற்பூரத் தட்டோடு தயாராக நிற்கிறோம். சாமிதான் சென்னையில் ஏதோ பைலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கடலூரில் எங்கள் ஆபீஸ் மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். அதனால் மாதம் ஒரு நாள் நானும் சூப்பிரண்டும் பைல்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போவோம். கீழவீதிப் பக்கம் ஒரு சங்கக் கட்டடத்தின் தரைத்தளத்தில் முகாம். கலியபெருமாள் போன்றவர்களுக்காகத்தான் அது. சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்துக்காரர். எல்லையில் கண்ணிவெடிக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்தவர். செயற்கைக் கால் தேய்ந்து, வார் அறுந்து, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார். சிதம்பரம் என்றால் அவருக்கு ஒரே பஸ், ஏறப் படியும் இல்லை. அந்த முகாமில்தான் இந்த வருஷ பட்ஜெட்டில் கை வைத்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

கண்ணைச் சிமிட்டுங்கள்

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு முறை நிரூபிக்க வேண்டும். இப்போது அதற்கு செல்போனிலேயே ஒரு ஆப் வந்துவிட்டது. முகத்தைக் காட்டி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினால் போதும், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அதுவே ஒப்புக்கொள்ளும். முகாமில் முதல் ஆளாக வந்தவர் சுபேதார் அந்தோணிசாமி. எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிறவர், பீரங்கிப் படையில் இருந்தவர். போனைத் தூக்கி, "அய்யா, கேமராவப் பாருங்க" என்றேன். மனிதர் குதிகாலைச் சேர்த்து, மார்பை விரித்து, விறைப்பாக நின்றுவிட்டார். கண் இமை அசையவில்லை. ஆப் 'முயற்சி தோல்வி' என்றது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் தோல்வி.

அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நானே கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டினேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, தெரியவில்லை. "ஒரே ஒரு தடவ சிமிட்டுங்கய்யா, இல்லன்னா நீங்க செத்துட்டீங்கன்னு போட்டுக்கும்" என்று கெஞ்சினேன். அவர் நேராகப் பார்த்தபடியே, உதடு மட்டும் அசையச் சொன்னார்: "அட்டென்ஷன்ல நிக்கறப்ப கண்ண சிமிட்டக் கூடாதும்மா."

கொடியும் பாத்திரக்கடையும்

மற்ற ஆபீசுகளுக்கு மேலிடம் பணம் அனுப்பும். நாங்கள் டிசம்பரில் கொடிநாள் உண்டியலைக் குலுக்கி மேலிடத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள். அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு உதவித்தொகையாக எங்களிடமே திரும்பி வரும் என்பது ஏற்பாடு. புறப்பட்டுப் போகிற வேகம் திரும்பி வரும்போது இருப்பதில்லை.

போன டிசம்பரில் சிதம்பரம் மேலவீதியில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்தேன். முதலாளி நல்ல மனிதர்தான், உண்டியலில் போட்டார். சட்டையில் கொடியைக் குத்தப் போனதும், ஊசி துணியை ஓட்டையாக்கும் என்று ஒதுங்கிக்கொண்டார். கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்தில் செருகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே பழைய கொடிகள் வரிசையாக நின்றன, எல்லாவற்றின் மேலும் ஊதுபத்திச் சாம்பல். நான் புதுக்கொடியை அவற்றோடு சேர்த்துச் செருகும்போது, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "வருசா வருசம் வர்றீங்களேம்மா, அந்தச் சண்ட இன்னுமா முடியல?"

மார்ச் மாத மழை

வருஷம் முழுவதும் வறட்சி, மார்ச் கடைசியில் மட்டும் அடைமழை. அரசு வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். 'நிதி வந்துவிட்டது, உடனே செலவழிக்கவும், தவறினால் திருப்பி அனுப்பவும்' என்று திடீரென்று ஒரு உத்தரவு வரும். வருகிற பணத்தையும் இஷ்டத்துக்குச் செலவழித்துவிட முடியாது. ஒவ்வொரு உதவிக்கும் தனித்தனி உண்டியல் மாதிரி ஒரு தலைப்பு உண்டு, நாங்கள் அதை 'ஹெட்' என்போம். ஒரு ஹெட்டில் வந்ததை இன்னொன்றுக்குத் திருப்பினால் தணிக்கைக்காரர்கள் உயிரை எடுத்துவிடுவார்கள்.

கலியபெருமாள் கேட்டிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. பூனாவுக்குப் போனால் ராணுவமே புதுக் கால் பொருத்தித் தரும். துணைக்கு ஒரு ஆளோடு போய்வர உதவி கேட்டிருந்தார். அந்த ஹெட் காலி. மழை பெய்ததென்னவோ தையல் மெஷின் ஹெட்டில். கொடுக்க ஆள் தேடி எல்லோருக்கும் போன் அடித்துக்கொண்டிருந்த சூப்பிரண்டு, "வர்றது வரட்டும், அவருக்கு ஒண்ணு போட்டு விடும்மா, வித்தாவது பூனா போவட்டும்" என்றார். விற்கக் கூடாது என்று மெஷினிலேயே முத்திரை அடித்திருக்கிறது. இருந்தாலும் நான் வெட்கத்தை விட்டு, தையல் மெஷின் ஒன்று தருகிறோம் என்று மட்டும் கலியபெருமாளிடம் போனில் சொன்னேன். அவர் கோபமே இல்லாமல் கேட்டார்: "அத மிதிக்கறதுக்குக் காலு வேணுமே மேடம், அந்தக் கால எந்த ஹெட்டுல கேக்கறது?"

பில் இல்லாத டீ

இப்போது முகாமின் கதைக்கு வருகிறேன். நாற்காலி வாடகை, டீ, மேஜை, பேனர் என்று முகாமுக்கென்று ஒரு சின்ன ஹெட் உண்டு. போன வருஷம் அது வரவே தாமதமானது. வேறு துறையாக இருந்தால் முகாம் நின்று போயிருக்கும். இவர்கள் பட்டாளத்துக்காரர்கள் ஆயிற்றே! சங்கத்துக்காரர்களிடம் பேசிக் கட்டடத்தைச் சும்மாவே வாங்கினார்கள். கலியபெருமாள் முதல் பஸ்ஸில் வந்து, அந்தக் காலோடு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டு வைப்பார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ராமலிங்கம், அவரும் பழைய சிப்பாய்தான், கேன் நிறைய டீ கொண்டு வருவார். பண்ட் வந்த பிறகு பில் கேட்டேன். அடிக்காத குறைதான். "நம்ப யூனிட்டு ஆளுங்களுக்கு டீ குடுத்துட்டு பில்லு போடுவாங்களா?" என்று முறைத்தார்.

பில் இல்லாமல் ஒரு பைசா எடுக்க முடியாது. வந்த நிதியை வந்தபடியே திருப்பி அனுப்பிவிட்டு, முகாம் செலவு 'இல்லை' என்று எழுதினோம். நேர்மையாக இருந்ததற்கு யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார்கள் என்று நினைத்தேன், புத்தி கெட்டவள். புது பட்ஜெட் ஒதுக்கீட்டில் எங்கள் முகாமையே காணோம். ஒதுக்கீடு இல்லாத முகாமுக்கு ஊழியர்கள் போகவும் கூடாது. சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்த பையன் பொறுமையாக, பாடம் நடத்துகிற மாதிரி சொன்னான்: "போன வருஷம் ஒண்ணுமே செலவில்லாம நடந்திருக்குல்ல மேடம், அப்ப பணமே தேவையில்லன்னுதானே அர்த்தம்?"

குறை ஏதாவது உண்டா?

சூப்பிரண்டு எழுதின கெஞ்சல் கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. முகாம் தேவையா என்று பார்க்க ஒரு அதிகாரி நேரில் வருவதாகப் பதில் வந்தது. நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து தலைபாடாக அடித்துக்கொண்டேன். எப்போதும் வருகிற மாதிரியே வாருங்கள், கைத்தடியோடு வாருங்கள், கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். "சரி மேடம், சரி மேடம்" என்றார்கள்.

அன்றைக்குச் சிதம்பரம் போய்ப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. 'இன்ஸ்பெக்‌ஷன்' என்ற ஒரு சொல் காதில் விழுந்ததே போதும் போலிருக்கிறது, பட்டாளத்து வழக்கப்படி வாசலில் செங்கல்லைச் சாய்த்து நட்டுக் காவியும் சுண்ணாம்பும் மாறி மாறி அடித்திருந்தார்கள். ஒருவர் கையிலும் தடியைக் காணோம். எல்லோருக்கும் தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, நெஞ்சில் மெடல். அந்தோணிசாமிக்கு மீசை கூடக் கறுத்திருந்தது. எப்போதும் வேட்டியில் வருகிற கலியபெருமாள் பேன்ட் போட்டு, சைக்கிள் டியூப் தெரியாமல் முதல் வரிசையில் ஆடாமல் நின்றார். அதிகாரி வந்தார். விசில் அடித்த மாதிரி எல்லோரும் ஒன்றாகச் சல்யூட் அடித்தார்கள். அவர் மலர்ந்து போய், "உங்களுக்கெல்லாம் குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். கட்டடமே அதிர ஒரே குரலில் பதில் வந்தது: "இல்ல சார்!"

ஜீப்பில் ஏறும்போது அவர் என்னிடம், "நம்ம ஸ்டாப்ப விட இவங்க நல்லா இருக்காங்களேம்மா, இவங்களுக்கு எதுக்கு முகாம்?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தை அப்படியே கலியபெருமாள் மேல் கொட்டினேன். "காலு இல்லன்னு சொல்றதுக்கு என்ன வெக்கம்? ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?" என்று கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேன்ட்டைச் சுருட்டினார். டியூப் அழுத்திய இடம் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, தப்புச் செய்துவிட்ட முகத்தோடு சொன்னார்: "ஆபீசரு வந்து கொற கேட்டா 'இல்ல சார்'தான் வாயில வருது மேடம், வேற எதையும் எங்களுக்குக் கத்துக் குடுக்கலியே."

மாடிப்படி

'பயனாளிகளின் நலன் கருதி' முகாம் கடலூர் ஆபீசோடு இணைக்கப்பட்டது. அந்த மூன்று வார்த்தையை எழுதினவரைக் கையோடு கூட்டி வந்து எங்கள் மாடிப்படியைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

அடுத்த மாதமே கலியபெருமாள் வந்தார். சேத்தியாத்தோப்பில் ஒரு பஸ், வடலூரில் மாறி இன்னொரு பஸ். பூனா உதவிக்கு இந்த வருஷத்து மனுவில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். கீழேயே இருங்கள், மேடத்தை வரச் சொல்கிறேன் என்று வாட்ச்மேன் சொல்லியும் கேட்கவில்லை. படியில் 'டொக்'கென்று சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு, மறுபடி 'டொக்' என்று கேட்டது. ஆபீசில் ஒருவரும் தலை நிமிரவில்லை, எல்லோருக்கும் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பாதிப் படியில் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். சட்டை முழுக்க வேர்வை. அங்கேயே கையெழுத்து வாங்கினேன்.

"இனிமே இங்க வராதீங்க. முகாமாவது ஒண்ணாவது, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் நானே பஸ் புடிச்சி சிதம்பரம் வரேன். எல்லாரையும் அங்கயே வரச் சொல்லுங்க" என்றேன். ஆபீஸ் வேலையாகத்தானே போகக் கூடாது, என் லீவு நாளில் நான் எங்கே போனால் இவர்களுக்கு என்ன? கலியபெருமாள் முகம் தெளிந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்று, எனக்கே ஆறுதல் சொல்கிறவர் போலச் சொன்னார்: "செலவப் பத்திக் கவலயே படாதீங்க மேடம், சேரு நான் போட்டு வெச்சிடறேன், டீ ராமலிங்கம் கொண்டாந்துடுவாரு, பில்லு கில்லு எதுவும் வேணாம்."

ஆக, அடுத்த வருஷம் சென்னையிலிருந்து கேட்டால் நான் அனுப்ப வேண்டிய பதில் இப்போதே தயாராக இருக்கிறது: செலவு இல்லை, தேவை இல்லை, குறையும் இல்லை சார்!