எதிரே வந்த ஆயில் வாளி

பைக்கிற்கு நானே வீட்டு வாசலில் ஆயில் மாற்றுவது என்று முடிவெடுத்தேன். செல்போனில் ஒருத்தர் அதைச் சட்டை கசங்காமல் செய்து காட்டியிருந்தார். என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கோலம் போடுத எடத்துல ஒரு சொட்டு விழட்டும், அப்புறம் பேசிக்கிடுதேன்."

விழவில்லை. இதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவேன். தரையில் சாக்கு, அதன்மேல் மணல், மணலுக்கு மேல் பழைய பேசின். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எஞ்சின் சூடானதும் அடியில் இருக்கிற நட்டைக் கழற்றினேன். ஆயில் கறுகறுவென்று இறங்கியது. கடைசிச் சொட்டு வரை பொறுத்திருந்து நட்டை முறுக்கினேன். புது ஆயிலை ஊற்றிவிட்டு, பழையதைப் புனல் வைத்துப் பெயிண்ட் வாளிக்கு மாற்றினேன். வாளிக்கு மூடி இல்லாததால் பாலித்தீன் பையைப் போர்த்திச் சணலால் கட்டினேன். வாறுகால் சாக்கடையில் ஊற்றினால் தெருவே சண்டைக்கு வரும். ராஜபாளையம் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயிலுக்கென்றே ஒரு பேரல் உண்டு. அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறந்தேன். எதிர்வீட்டுக் கேட்டும் திறந்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி பூ, பழத் தட்டோடு குடும்ப சமேதராக வெளியே வந்தார். மகனுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள். பல வருடமாகப் பார்த்தும் எதுவும் அமையாத பையன். நல்ல காரியத்துக்குப் போகும்போது எண்ணெய் எதிரே வரக்கூடாது. எஞ்சின் ஆயில் அந்தக் கணக்கில் சேருமா என்று அங்கே யாரும் விவாதிக்கவில்லை.

மொத்தக் குடும்பமும் உள்ளே திரும்பியது. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்ப வேண்டும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் உள்ளே போய், அவர்கள் கிளம்பியிருப்பார்கள் என்று தோன்றும்வரை காத்திருந்து கேட்டைத் திறந்தேன். நான் போயிருப்பேன் என்று காத்திருந்து அவர்களும் திறந்தார்கள். மறுபடி தண்ணீர்.

அடுத்த முறை அண்ணாச்சி ஜன்னல் வழியாகவே பேசினார்.

"தம்பி, ராகுகாலம் வரப்போகுது. அந்த வாளி எங்கன போகுது?"

"ஒர்க்‌ஷாப்புக்கு, அண்ணாச்சி."

"நாங்க போற வழிதான. கார்ல வையி. கூடவே வந்தா அது எப்படி எதிர்க்க வரும்?"

வாளியைக் காருக்குக் கொண்டுபோனேன். காரில் இடம் இல்லை. தட்டு பையனின் அம்மா மடியில் இருந்ததால் வாளி மாப்பிள்ளை மடியில் உட்கார்ந்தது. அவன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். தெருமுனை வேகத்தடையில் கார் தூக்கிப்போட்டதை என் கேட்டில் நின்றே பார்த்தேன். இந்த இடமும் தட்டிப்போனால், அதுவும் என்னால் போனால், அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

சாயங்காலம் மாப்பிள்ளையே எங்கள் வீட்டுக்கு வந்தான். வேட்டியில் தொடைப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. மாற்றிக்கொள்ளத் திரும்பினால் அதுவும் அபசகுனம் என்று அப்படியே கூட்டிப் போயிருக்கிறார்கள்.

"தம்பி, மன்னிச்சிருப்பா" என்றேன்.

"அமைஞ்சிட்டுண்ணே."

பெண்ணின் அப்பா டிராக்டர் வைத்திருப்பவர். கறையைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். எஞ்சின் ஆயில் என்று இவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். பெண் பார்க்க வருகிற அன்றைக்கும் வண்டி வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறானே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இவன் சைக்கிளுக்குக்கூடக் காற்றடித்தவன் இல்லை.

எனக்கு உட்கார்ந்து சிரிக்க வேண்டும்போல இருந்தது. அவனோ போகாமல் நின்றான். தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, டிராக்டருக்கு ஆயில் மாத்தணுமாம். மாப்பிள்ளையே வந்து செய்யட்டும்னு மாமா சொல்லிட்டாரு. அந்த நட்டை எந்தப் பக்கமாண்ணே சுத்தணும்?"